சலாமிஸ் பக்கத்தில் நிற்கும் உனக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. கப்பல் கிரேக்க நாட்டுப் பைரேயஸ் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருக்கிறது என்று சொன்னாய். நாள் முழுக்க எஞ்சின் ரூமில் கிடக்கிறேன், கடலில் வேலை பார்த்தும் கடலைக் கண்ணால் பார்ப்பதில்லை என்றாயே, அது இரண்டு நாளாக மனதில் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

டெக்குக்கு ஏறி வந்து மேற்கே பார். பக்கத்தில் தெரியும் தீவு சலாமிஸ். கி.மு. 480இல் பாரசீக அரசர் செர்க்சஸின் கடற்படையைக் கிரேக்கர்கள் முறியடித்தது அந்தத் தீவுக்கும் கரைக்கும் நடுவிலுள்ள ஒடுக்கமான நீரிணையில்தான். பாரசீகர் பக்கம் கப்பல்கள் அதிகம். பினீசியர், எகிப்தியர், ஏன், பாரசீக ஆட்சியின் கீழிருந்த அயோனியக் கிரேக்கர்கூட அவர்களுக்காக வந்திருந்தார்கள். இடுக்கில் மாட்டியதும் அந்தக் கூட்டமே வினையானது. திரும்ப முயன்ற கப்பல் பின்னால் வந்த கப்பலோடு மோதியது.

வகுப்பில் நான் இதை ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோக்ளிஸின் கதையாகத்தான் நடத்தினேன். லாரியம் சுரங்கத்து வெள்ளியை ஆளுக்குக் கொஞ்சம் என்று பங்கு போடாமல் கப்பல் கட்ட வைத்தவர். கெட்டிக்காரர், சரி. ஆனால் கப்பலை ஓட்டியவர்கள்? ஒவ்வொன்றிலும் 170 துடுப்புக்காரர்கள், மூன்று அடுக்காக. அடித்தட்டில் 54 பேர். அவர்களுடைய துடுப்புத் துளைகளைத் தண்ணீர் புகாமல் தோலால் சுற்றியிருப்பார்கள். வெளியே எதுவும் தெரியாது. குழல் ஊதுகிறவனின் தாளத்தைக் கேட்டு இழுக்க வேண்டியதுதான். கப்பல் மூக்கிலிருந்த வெண்கல முனையால் நாம் இடித்தோமா, எதிரி நம்மை இடித்தானா என்பதே அதிர்ச்சியில்தான் தெரிந்திருக்கும். செர்க்சஸோ கரையோரக் குன்றடியில் ஆசனம் போட்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் துடுப்புக்காரர்கள் அடிமைகள் என்றே நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். இல்லையப்பா. ஏதென்ஸ் கப்பல்களில் பெரும்பாலும் அந்த ஊர் ஏழைக் குடிமக்கள்தான், கவசம் வாங்க வசதியில்லாதவர்கள். பெண்டு பிள்ளைகளைப் படகேற்றி அனுப்பிவிட்டு, ஊர் எரிந்த பிறகு துடுப்பைப் பிடித்தவர்கள். பின்னாளில் ஏதென்ஸ் மக்கள் அவையில் ஏழையின் குரல் ஓங்கியதற்கு இவர்களுடைய கைகளும் ஒரு காரணம். வகுப்பில் இதைச் சொல்லாமல் விட்டது இப்போது உறுத்துகிறது.

அந்தக் காலத்தில் துடுப்புக்காரர் ஒவ்வொருவரும் தன் துடுப்பையும், உட்கார ஒரு திண்டையும் தானே தூக்கிக்கொண்டு போவார்களாம். அதைப் படித்ததும் உன் இடுப்பு வலிதான் ஞாபகம் வந்தது. போன தடவை நான் தைத்துக் கொடுத்த திண்டு இன்னும் நன்றாக இருக்கிறதா? பஞ்சு அமுங்கியிருந்தால் சொல், புதிதாகத் தைத்து வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா