மூன்று தரம் அழுத்தப்பட்ட பொத்தான்

பொதுச் சேவை இணையத்தளங்களையும் செயலிகளையும் வடிவமைக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். இலங்கையின் வடக்கே, ஏ9 வீதியில் பரந்தனுக்கு அருகே சிறியதொரு கொமினிக்கேசன் வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, ரீலோட் என்று தொடங்கிய கடை. இன்று பாதி நேரம் உங்கள் படிவங்களைப் பிறருக்காக நிரப்பிக் கொடுப்பதில் போகிறது. உங்கள் குறைகளால்தான் என் அடுப்பு எரிகிறது என்பதை மறைக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

சென்ற மாதம் விசுவமடுப் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி வந்தார். பேரனின் கைப்பேசியில் தானே விண்ணப்பிக்க முயன்றிருக்கிறார். அவரிடம் இருப்பது பழைய அடையாள அட்டை: 9 எண்கள், கடைசியில் 'வி' என்ற ஆங்கில எழுத்து. 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் 12 எண்கள். படிவத்தின் பெட்டி பன்னிரண்டைத் தவிர வேறெதையும் ஏற்கவில்லை. சிவப்பில் 'தவறு' என்று ஒற்றைச் சொல் மட்டும் வந்தது. எது தவறு, எப்படித் திருத்துவது என்று ஒரு வரி இல்லை. பழைய எண்ணுக்கு முன்னால் 19, ஐந்தாம் எண்ணுக்குப் பின்னால் ஒரு 0, கடைசி எழுத்தை நீக்கினால் பன்னிரண்டு வந்துவிடும். கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் செய்யக்கூடிய இந்த வேலையைப் பத்தாம் வகுப்புப் பேரன் கண்டுபிடித்துச் செய்திருக்கிறான்.

அதன்பின் 'அனுப்பு'. ஆச்சி அழுத்தினார், திரை அசையவில்லை. மறுபடி அழுத்தினார். மூன்றாம் தரமும் அழுத்தினார். மூன்று விண்ணப்பங்கள் போய்விட்டன. தான்தான் எதையோ பிழையாக அழுத்திவிட்டதாக என்னிடம் கூச்சத்தோடு சொன்னார். எனக்குக் கோபம் வந்தது அந்தக் கூச்சத்தைப் பார்த்துத்தான்.

கணினித் திரைகள் பாவிக்க எளிதாக இருக்கின்றனவா என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் 1993இலேயே இதற்கொரு கணக்குச் சொன்னார். 0.1 வினாடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். 1 வினாடியைத் தாண்டினால் நினைப்பின் ஓட்டம் அறுபடும். 10 வினாடிக்கு மேல் கவனம் வேறெங்கோ போய்விடும். வயற்கரையில் சிக்னல் ஒரு கோடு காட்டும் இடத்தில் 10 வினாடி எம்மாத்திரம்! வேகத்தைக் கேட்கவில்லை, குரலைக் கேட்கிறேன். படலையடியில் நின்று கூப்பிடுகிறவருக்கு உள்ளிருந்து 'வருகிறேன்' என்று ஒரு சத்தம் கேட்டால் அவர் காத்து நிற்பார். கேட்காவிட்டால் மறுபடி கூப்பிடத்தான் செய்வார். அழுத்தியதும் பொத்தான் மங்கட்டும், 'அனுப்பிக்கொண்டிருக்கிறோம்' என்று ஒரு வரி வரட்டும், முடிந்ததும் விண்ணப்ப இலக்கம் திரையில் நிற்கட்டும்.

உங்கள் விளக்கக் காணொளியைப் பற்றியும் சொல்லவேண்டும். திரை நிறைய எழுத்து, அதே எழுத்தை வரிபிசகாமல் வாசிக்கும் குரல், அடியில் நாதஸ்வரம். படத்துடன் குரல் சேர்ந்தாலே போதும், அதே சொற்களை எழுத்திலும் திணித்தால் கற்பது குறைகிறது என்று ரிச்சர்ட் மேயர் போன்ற கல்வி உளவியலாளர்கள் பரிசோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் ஷெல் சத்தத்தில் செவி போனவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். ஆகவே எழுத்தை அடியோடு எடுத்துவிடாதீர்கள். வேண்டியவர் போட்டுக்கொள்ளும் வரியாக வையுங்கள். நாதஸ்வரத்தைக் கோயிலுக்கு விட்டுவிடுங்கள்.

போர் முடிந்து மீள்குடியேறிய காலத்தில் எங்களுக்கு இந்தப் பாடத்தை நடத்தியவை கண்ணிவெடிப் பலகைகள். சிவப்புப் பின்னணி, மண்டையோடு, மும்மொழியிலும் ஓரிரு சொற்கள். எழுதப்படிக்கத் தெரியாதவரும் அதைக் கண்டதும் நின்றார். மாடு தேடிப் போன சிறுவனும் நின்றான். வெடிப்பொருளைக் கண்டால் என்ன செய்வது என்ற நீண்ட விளக்கத்தைப் பலகையில் யாரும் எழுதி நிரப்பவில்லை. அதை வீதி நாடகங்கள் சொல்லின. எதைப் படம் சொல்லும், எதை ஆள் நின்று சொல்லவேண்டும் என்று பிரித்தறிந்த யாரோ அதைச் செய்திருக்கிறார்கள். அவர்களைப் போன்றவர்களை உங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளக் கூடாதா?

என் கடையில் ஒரு கதிரை மேலதிகமாக இருக்கிறது. ஒரு நாள் வந்து வாடிக்கையாளர்களுக்குப் பின்னால் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள். ஐந்து பேரைக் கவனித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று சொன்னவரும் அதே நீல்சன்தான். தேநீர் என் செலவு. வரும்போது ஆச்சியின் மூன்று விண்ணப்பங்களில் இரண்டை மீளப்பெறும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுங்கள். நான் இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
பரந்தன் கொமினிக்கேசன்காரன்