பரணில் கிடந்த கிட்டார்

நாகர்கோவில்

அன்புள்ள செல்வராஜ்,

நீ அனுப்பிய மூன்று படங்களும் வந்தன. மழை இங்கேயும் விட்டபாடில்லை. ரப்பர் வெட்டு நின்றதால்தான் உனக்குப் பரணை ஒழிக்க நேரம் கிடைத்திருக்கும். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்தது என்று எழுதியிருந்தாய், கேட்க நிம்மதி.

இனி கிட்டார். லட்சத்துக்குப் போகுமா என்று கேட்டாய். போகாது மக்கா. அதற்காகக் களியக்காவிளைக்காரர் சொன்ன நாலாயிரத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிடாதே. அதைவிட அவசரம், மச்சினனிடமிருந்து அந்த வார்னிஷ் டப்பாவை வாங்கி ஒளித்து வை. பழைய கிட்டாரில் மேல்பூச்சை மாற்றினால் விலை ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்த வியாபாரத்தில் எல்லாரும் போடும் கணக்கு. கீறலும் மங்கலும் அப்படியே இருக்கட்டும்.

இரண்டாவது படத்தில் ஓட்டைக்குள் தெரியும் சிவப்பு லேபிளை ராமபாணப் பூச்சி பாதி தின்றுவிட்டது. ஆனாலும் ‘நிப்பான் காக்கி’ என்ற பெயர் தெளிவாக இருக்கிறது. யமாஹா கம்பெனியின் பழைய பெயர் அது. 1987-இல்தான் யமாஹா கார்ப்பரேஷன் என்று மாற்றினார்கள். ஆக, 1987-க்கு முந்தையது என்பதில் சந்தேகமில்லை. சிவப்பு லேபிள் எஃப்ஜி வரிசை 1966-இல் எஃப்ஜி-180 மாடலோடு தொடங்கி எழுபதுகளின் தொடக்கம் வரை வந்தது, அதன் பிறகு பச்சை லேபிள். ‘எஃப்ஜி’க்குப் பின்னால் உள்ள எண் கிழிந்திருக்கிறது. லேபிளின் ஓரத்தை நகத்தால் நிமிர்த்தப் பார்க்காதே, மிச்சமும் உதிர்ந்துவிடும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் படம் எடு. அச்சு மை போன இடத்திலும் எழுத்தின் பள்ளம் சில நேரம் தெரியும்.

இணையத்தில் விலை தேடும்போது ஒன்றைக் கவனி. 2019-இல் யமாஹா அதே சிவப்பு லேபிள் பாணியில் எஃப்ஜி-3, எஃப்ஜி-5 என்று புதிய கிட்டார்களை இறக்கியது. அவற்றின் விலை பல மடங்கு. உன் மகன் அனுப்பிய விலைப் பட்டியலில் பாதி அந்தப் புதியவைதான்.

அடுத்து, மேல் பலகை ஒற்றை மரமா, ஒட்டுப்பலகையா என்று பார். ஓட்டையின் விளிம்பை டார்ச் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் போதும். மேலே ஓடும் மரக் கோடுகள் விளிம்பில் அப்படியே கீழே இறங்கினால் ஒற்றைப் பலகை. நடுவில் வேறு நிறத்தில் ஒரு அடுக்கு குறுக்கே போனால் ஒட்டுப்பலகை. அந்தக் கால எஃப்ஜி-180 ஒட்டுப்பலகைதான். சேகரிப்பவர்கள் ஒற்றைப் பலகைக்குத்தான் அதிகம் கொடுப்பார்கள், ஆனால் உன் வீட்டுப் பரணில் இத்தனை வருஷம் வெடிக்காமல் இது தப்பித்ததே ஒட்டுப்பலகை என்பதால்தான் இருக்கும். ஓட்டுக் கூரைக்கு அடியில் மார்ச், ஏப்ரல் சூட்டில் காய்ந்து, பிறகு இரண்டு பருவமழையிலும் ஊறி, மறுபடி காய்ந்தால் ஒற்றைப் பலகை கோட்டோடு கோடாகப் பிளந்திருக்கும்.

பின்பக்கம் ஈட்டி மரமா (ரோஸ்வுட்) என்று கேட்டிருந்தாய். நம் மலை ஈட்டிக்குக் கிட்டார் உலகத்தில் பெரிய மரியாதை. அமெரிக்காவில் மார்ட்டின் கம்பெனி 1969-இல் பிரேசில் ஈட்டியை விட்டு இந்திய ஈட்டிக்கு மாறியது. ஆனால் உன்னுடையது படத்தில் செம்பழுப்பாக, கறுப்பு வரி இல்லாமல் இருக்கிறது. மகோகனி மாதிரி மேல்தகடு ஒட்டிய பலகையாகத்தான் இருக்க வேண்டும்.

மூன்றாவது படம்தான் எனக்குக் கவலை. பிரிட்ஜுக்கு, அதாவது மேல் பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் மரக்கட்டைக்கு, பின்னால் வயிறு தள்ளினாற்போல் இருக்கிறது. முதலில் ஆறு கம்பியையும் தளர்த்து. ஒரே கம்பியை முழுக்க அவிழ்க்காமல், ஒவ்வொன்றிலும் இரண்டு சுற்று வீதம் மாறி மாறிக் குறை. சாதாரண 12-53 கம்பிக் கட்டு (மெல்லிய கம்பி, தடித்த கம்பி இரண்டின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) சுதியில் நிற்கும்போது மொத்த இழுவிசை எழுபது கிலோவுக்கு மேல். ஆணியில் கட்டிய மூட்டை மாதிரி அத்தனை பாரமும் ஒரு சிறு பிரிட்ஜில் தொங்குகிறது. பரண் சூட்டில் பசை இளகியிருந்தால் தாங்காது.

கம்பி தளர்ந்ததும் ஒரு வெள்ளைத் தாளை பிரிட்ஜின் பின் ஓரத்தில் செருகிப் பார். எங்கும் நுழையவில்லை என்றால் நல்லது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நுழைந்தால் பசை விடத் தொடங்கிவிட்டது. பாதி வரை போனால் எடுத்து மறுபடி ஒட்ட வேண்டும். கடையில் விற்கும் உடனடிப் பசையை அந்த இடுக்கில் விடாதே, பிறகு எடுப்பவர் மரத்தையும் சேர்த்துப் பிய்க்க வேண்டிவரும். பிரிட்ஜின் மேல் இரண்டு முத்துப் புள்ளிகள் இருந்தால் அடியில் போல்ட் இருக்கலாம், ஜப்பான் கிட்டார்களில் அது வழக்கம். நெம்பிவிடாதே.

பிறகு விரல் கணுவால் மேல் பலகையையும் பின் பலகையையும் மெல்லத் தட்டிக்கொண்டே வா. ஓரிடத்தில் மட்டும் ‘சர்ர்’ என்று அதிர்ந்தால், பலகையைத் தாங்க உள்ளே ஒட்டிய உள்பட்டை கழன்றிருக்கிறது. போன் கேமராவை ஓட்டைக்குள் விட்டு வீடியோ எடுத்தால் எந்தப் பட்டை என்று தெரியும்.

விலையைத் தீர்மானிப்பது நெக்கின், அதாவது கிட்டாரின் கழுத்தின், சாய்வுதான். அறுபது சென்டிமீட்டர் இரும்பு ஸ்கேலைக் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகள் மேல் நடுவாக வை. அதன் முனை பிரிட்ஜ் மரத்தின் மேற்பரப்பை உரசிக்கொண்டு போனால் நெக் நன்றாக இருக்கிறது. மரத்தின் பக்கவாட்டில் போய் முட்டினால் சாய்வு போய்விட்டது. முட்டுவது கொஞ்சம்தான் என்றால் சேடிலை, அதாவது பிரிட்ஜின் மேல் கம்பிகள் ஏறி நிற்கும் சிறு பட்டையை, தேய்த்துச் சமாளிக்கலாம். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஒரு மில்லிமீட்டர் உயரம் குறைக்க, சேடிலில் இரண்டு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். பிரிட்ஜுக்கு மேல் சேடில் மூன்று மில்லிமீட்டராவது நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பி அழுத்தம் குறைந்து ஒலி செத்துவிடும். முட்டுவது அதிகம் என்றால் நெக்கையே கழற்றி மறுபடி பொருத்த வேண்டும். இந்த வரிசையில் நெக் ஒட்டிய பசை நீராவிக்கு எளிதில் இளகாது. மெனக்கெட்ட வேலை, கூலி கிட்டாரின் விலையையே தொட்டுவிடும்.

மரத்தில் குண்டூசித் துளைகள் இருந்து, தட்டும்போது மாவு உதிர்ந்தால் உளு. மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய் எதுவும் ஊற்றாதே. கறுப்புத் துணி விரித்து அதன்மேல் கிட்டாரை ஒரு வாரம் வைத்துப் பார். புதிய மாவு விழாவிட்டால் பூச்சி எப்போதோ போய்விட்டது. பூஞ்சையை லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் துடை. விரல் பலகைக்குத் தேங்காயெண்ணெய் தடவும் வழக்கம் நம் ஊரில் உண்டு. சிக்கு நாற்றம் பிடித்து அழுக்கு ஒட்டும், வேண்டாம். வெயிலில் வைப்பதும் கூடாது. உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நாலைந்து போட்டு, அறைக்குள் சுவரை விட்டு ஒரு அடி தள்ளி நிறுத்து. ஈரப்பதம் நாற்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்து சதவீதம் இருப்பது நல்லது. இந்த மழையில் அது நடக்காது, மெல்ல மெல்லக் காய்ந்தால் போதும்.

பிரிட்ஜ் உறுதி என்று தெரிந்த பிறகுதான் கம்பி போட வேண்டும். 10-47 மெல்லிய கட்டு வாங்கு. முதல் இரண்டு நாள் ஒரு முழு சுரம் தாழ்த்தியே வை. வயிறு மேலும் தள்ளாவிட்டால் சுதிக்குக் கொண்டுவா. அப்போது தடித்த கம்பி பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேல் இரண்டரை மில்லிமீட்டரில் நின்றால் அருமை, நாலைத் தாண்டினால் விரல் புண்ணாகும்.

விலைக்கு வருகிறேன். வெளிநாட்டில் நல்ல நிலையில் உள்ள சிவப்பு லேபிள் எஃப்ஜி-180 சில நூறு டாலருக்குக் கைமாறுகிறது. ரிவெர்ப், ஈபே தளங்களில் விற்று முடிந்தவற்றின் விலையை மட்டும் பார். விற்பவர் கேட்கும் விலை அவருடைய ஆசை, அவ்வளவுதான். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தைய மார்ட்டின் டி-45 மாடல் லட்சக்கணக்கான டாலருக்குப் போகிறதே என்றால், 1933 முதல் 1942 வரை செய்ததே 91 கிட்டார்தான். எஃப்ஜி-180 கணக்கில்லாமல் செய்து விற்ற கிட்டார்.

அங்கே அனுப்பி விற்கலாம் என்றும் நினைக்காதே. 115 × 50 × 18 சென்டிமீட்டர் பெட்டியின் மூன்று அளவையும் பெருக்கி, கூரியர்காரர் 5000-ஆல் வகுத்து இருபது கிலோவுக்கு மேல் கணக்குப் போடுவார், உள்ளே இருப்பது நாலு கிலோவாக இருந்தாலும். லாபம் அதிலேயே கரைந்துவிடும். நம் நாட்டுக்குள் விற்றால் அந்த வெளிநாட்டு விலையில் பாதி கிடைத்தாலே நல்ல வியாபாரம் என்பேன். நெக்கின் சாய்வு போயிருந்தால் அதுவும் வராது. அப்படியானால் விற்காமல் உன் சபைக் கொயர் பிள்ளைகளுக்குத் தாழ்ந்த சுதியில் பழகக் கொடுப்பதுதான் என் யோசனை.

ஒட்டு வேலை தேவைப்பட்டால் திருவனந்தபுரத்துக்கே கொண்டுபோ, உனக்குப் பக்கம். பஸ்ஸில் போனால் முழங்காலுக்கு நடுவே நிமிர்த்திப் பிடி. காரில் போனால் டிக்கியில் போடாதே, மூடிய காரின் சூடு பரணைவிட மோசம்.

இனி நீ அனுப்ப வேண்டியவை: ஸ்கேல் வைத்தபடி பிரிட்ஜைப் பக்கவாட்டில் எடுத்த படம், ஓட்டையின் விளிம்பு, லேபிள், கம்பி முறுக்கும் கீகள் தெரியும்படி தலையின் பின்பக்கம், உள்பட்டை வீடியோ. களியக்காவிளைக்காரர் மறுபடி கூப்பிட்டால், நெக் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல். அம்மாவை விசாரித்ததாகச் சொல்லு.

உன்,
ஞானதாஸ்