‘உலகத்துக்கே சொந்தம்’ என்று எழுதுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இலவச மின்னூல்கள் பற்றிய கட்டுரையில், “ஆசிரியர் காலமாகி 60 ஆண்டு ஆகிவிட்டால் புத்தகம் உலகத்துக்கே சொந்தம்; யாரும் எங்கும் வெளியிடலாம்” என்று ஒரு வரி வந்திருக்கிறது. அந்த வரியில் 60 ஆண்டு என்பது இந்தியப் பதிப்புரிமைச் சட்டம். ‘உலகத்துக்கே’ என்பதைக் கட்டுரையாளர் எந்தச் சட்டத்திலிருந்து எடுத்தார் என்று அவரைத்தான் கேட்கவேண்டும்.

தங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. இலங்கையில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி 70 ஆண்டு. சிங்கப்பூரிலும் 70. மலேசியாவில் 50. கனடாவில் 50 ஆக இருந்தது, 2022 டிசம்பர் 30 அன்று 70 ஆயிற்று. ஆனால் 1971 வரை காலமானவர்களின் நூல்களுக்குப் போன உரிமை திரும்பவில்லை. இலங்கை எழுத்தாளர் ஒருவர் 1960இல் காலமானார் என்று வையுங்கள். இறந்த ஆண்டின் முடிவிலிருந்து எண்ணுவதால், அவர் நூல் மலேசியாவிலும் கனடாவிலும் 2011 பிறந்ததும் பதிப்புரிமையிலிருந்து விடுபட்டிருக்கும். இந்தியாவில் 2021. அவர் பிறந்த மண்ணில் மட்டும் 2031 சனவரி 1 வரை காத்திருக்கவேண்டும். இத்தனை நாட்டிலும் சந்தாதாரர்கள் இருப்பதாக உங்கள் அட்டையின் உள்பக்கம் இதழ்தோறும் சொல்கிறது. அவர்களில் ஒருவர் உங்கள் வரியை நம்பி யாழ்ப்பாணத்தில் அச்சுக்குக் கொடுத்தால், அங்கே வரும் வக்கீல் நோட்டீசுக்குப் பதில் எழுத உங்கள் கட்டுரையாளர் போவாரா?

அமெரிக்கக் கணக்கு இன்னும் தலைவலி பிடித்தது. பழைய நூல்களுக்கு அங்கே ஆசிரியர் இறந்த ஆண்டைப் பார்ப்பதில்லை, வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு எண்ணுகிறார்கள். 1930இல் வெளியானவை 2026 சனவரி 1 அன்று விடுபட்டன. பிறநாட்டு நூல் என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு: 1996 சனவரி 1 அன்று அந்த நூலுக்குத் தாய்நாட்டில் பதிப்புரிமை இருந்ததா? இருந்திருந்தால் அமெரிக்காவில் உரிமை தானாகவே உயிர்பெற்றுவிட்டது. யாரும் மனுப் போடவேண்டியதில்லை. ‘உங்கள் நாட்டில் முடிந்துவிட்டதே, எங்கள் நாட்டிலும் முடியட்டும்’ என்று குறைந்த காலத்தை ஏற்றுக்கொள்ளும் வழக்கம் ஐரோப்பிய நாடுகளில் இருக்கிறது. அமெரிக்காவில் இல்லை.

இந்திய நூல்களுக்கு இதில் ஒரு கோடு விழுகிறது. தாகூரின் நூல்களுக்கு 1991 கடைசியில் காலம் முடிய இருந்தபோது, அவசரச் சட்டம் போட்டு 50ஐ 60 ஆக்கினார்கள். ஆகவே 1940 டிசம்பரில் காலமான ஒருவரின் நூல் 1990 முடிவில் விடுபட்டது, 1996இல் இங்கே உரிமை இல்லை, அமெரிக்காவிலும் உயிர்பெறவில்லை. 1941 சனவரியில் காலமானவரின் நூலுக்கு 2001 வரை உரிமை ஓடியது, அமெரிக்காவில் 95 ஆண்டுக் கணக்கில் மாட்டிக்கொண்டது.

உ.வே.சா.வையே எடுத்துக்கொள்ளலாம், உங்கள் கட்டுரையிலும் அவர் படம்தானே பெரிதாக இருக்கிறது. அவர் மறைந்தது 1942 ஏப்ரலில். இந்தியாவில் 2003 சனவரி 1 முதல் அவர் வாழ்நாளில் வெளியிட்ட நூல்கள் எல்லாம் விடுபட்டவை. 1887இல் அவர் பதிப்பித்த சீவக சிந்தாமணிக்கும் 1894இல் பதிப்பித்த புறநானூற்றுக்கும் அமெரிக்காவிலும் தடையில்லை. ஆனால் ‘என் சரித்திரம்’ ஆனந்த விகடனில் 1940 முதல் 1942 வரை தொடராக வந்தது. 1996இல் இந்தியாவில் அதற்கு உரிமை இருந்தது. எனவே காலக்கணக்குப்படி 1940இல் வந்த அத்தியாயங்களுக்கு அமெரிக்காவில் 2035 முடியவும், 1942இல் வந்தவற்றுக்கு 2037 முடியவும் உரிமை நிற்கும். ஒரே ஆசிரியர், இரண்டு முத்திரை. ‘அமெரிக்காவில் யார் தமிழ் படிக்கிறார்கள்’ என்று கேட்பார்கள். படிப்பவர் எங்கிருந்தாலும், நாம் நூல்களை ஏற்றுகிற இன்டர்நெட் ஆர்க்கைவும் அமேசானும் கூகுளும் அந்த நாட்டு நிறுவனங்கள். நீக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தால் அந்நாட்டுச் சட்டத்தைத்தான் பார்ப்பார்கள்.

அடுத்தது, உங்கள் கட்டுரை ஒரே பானையில் போட்டுக் கிளறியிருக்கும் நாட்டுடைமை. அது தனி வழி. தமிழக அரசு ஆசிரியருக்கோ வாரிசுகளுக்கோ ஒரு தொகை கொடுத்து, அரசாணை போட்டுப் படைப்புகளைப் பொதுவாக்குகிறது. இறந்த ஆண்டு அங்கே கணக்கில்லை. உயிரோடு இருப்பவர்களின் நூல்களும் நாட்டுடைமையாகியிருக்கின்றன. பாரதியின் எழுத்துகளைச் சென்னை அரசு 1949இல் வாங்கி 1955இல் பொதுவாக்கியது. காலக்கணக்கை மட்டும் நம்பியிருந்தால் 1971 முடியும்வரை காத்திருக்கவேண்டும். ஆகவே ‘உரிமை இல்லை’ என்று மட்டும் எழுதினால் போதாது. காலம் முடிந்ததா, அரசாணையா என்று காரணம் வேண்டும். அரசாணை என்றால் எண்ணும் நாளும் வேண்டும்.

அரசாணை எழுத்தைத்தான் விடுவிக்கிறது, பக்கத்தில் இருக்கும் படத்தை விடுவிப்பதில்லை. ‘பொன்னியின் செல்வன்’ நாட்டுடைமை. அதற்கு மணியம் வரைந்த ஓவியங்கள் அப்படியல்ல. அவர் காலமானது 1968இல். இந்தியக் காலக்கணக்குப்படி அவை விடுபடுவது 2029 சனவரி 1. இதைப் பழைய கடிதம் ஒன்றிலும் எழுதினேன். நீங்கள் வெளியிடவில்லை. பரவாயில்லை, இடம் இருந்திருக்காது. அந்த இதழில் ராசிபலனே ஆறு பக்கம்.

முன்னுரை, அடிக்குறிப்பு, உரை, மொழிபெயர்ப்பு எல்லாவற்றுக்கும் எழுதியவர் பெயரில் தனிக் கணக்கு உண்டு. திருக்குறள் மூலத்துக்கு யாரும் உரிமை கோரமுடியாது. மு.வ. 1974இல் மறைந்தார், காலக்கணக்குப்படி அவர் உரை விடுபடுவது 2035இல். உங்கள் இலவச நூல் வரிசையிலோ குறளையும் உரையையும் ஒன்றாகக் கட்டி ‘உரிமையற்றது’ என்று போட்டீர்கள், உரை யாருடையது என்றே போடவில்லை. அதே வரிசையில் தொல்காப்பிய மூலத்தின் கீழே ‘அனைத்து உரிமைகளும் பதிப்பகத்துக்கே’ என்று இருந்தது. தொல்காப்பியர் எப்போது எழுதிக் கொடுத்தாரோ! ரஷ்யக் கதைகள் சிலவற்றை மறுபடி போட்டபோது மூல ஆசிரியரின் இறந்த ஆண்டைச் சொல்லி நிறுத்திக்கொண்டீர்கள். மொழிபெயர்த்தவர் பெயரையே காணோம். உரிமை அவர் பெயரிலல்லவா ஓடிக்கொண்டிருக்கிறது.

முத்திரைகளிலும் குழப்பம். கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பின் சிசி0 (CC0) என்பது உரிமையுள்ளவர் தன் உரிமையை விட்டுக்கொடுக்கும் முத்திரை. ஸ்கேன் எடுத்தவர் 1920ஆம் ஆண்டுப் புத்தகத்தின்மேல் அதை ஒட்டினால், தன்னிடம் இல்லாததைத் தானம் செய்கிறார் என்று பொருள். ‘பப்ளிக் டொமைன் மார்க்’ என்ற முத்திரை வேறு, ஏற்கெனவே உரிமை இல்லாத நூலைக் குறிப்பது. சில நாடுகளில் உரிமை இருப்பது தெரிந்த நூலுக்கு அதைப் போடவேண்டாம் என்று கிரியேட்டிவ் காமன்சே சொல்கிறது. விக்கிப்பீடியாவின் கோப்புக் கிடங்கான விக்கிமீடியா காமன்சில் தாய்நாடு, அமெரிக்கா இரண்டிலும் விடுபட்டிருக்கவேண்டும், இரண்டுக்கும் தனித்தனி உரிமைக் குறிப்பு வார்ப்புரு. அமேசான் கிண்டிலில் ‘பொது உரிமை நூல்’ என்று குறித்தால் விலையில் 35 சதவீதப் பங்குதான், 70 கிடையாது. அங்கேயே ‘எல்லா நாடுகளும்’ என்ற குறியை எடுத்துவிட்டு நாடுகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கலாம். அந்தப் படிவத்தைத் திறந்து பார்த்திருந்தால் உங்கள் கட்டுரையில் இந்த வரி வந்திருக்காது.

இதெல்லாம் வெறும் வாதம் என்று யாராவது சொன்னால் அமெரிக்க இலவச மின்னூல் தளமான குட்டன்பர்க் திட்டத்தைக் கேட்கட்டும். ஜெர்மன் எழுத்தாளர்கள் தாமஸ் மன், ஹைன்ரிக் மன், ஆல்ஃபிரட் டோப்ளின் எழுதிய 18 நூல்களை அது ஏற்றியிருந்தது. அமெரிக்காவில் எல்லாம் விடுபட்டவை. ‘அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்கள் தங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளவும்’ என்ற குறிப்பும் அதன் நூல்களில் உண்டு. அப்படியும் 2018 பிப்ரவரியில் ஜெர்மன் நீதிமன்றம் எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அங்கே 70 ஆண்டு. மூவரில் முதலில் காலமான ஹைன்ரிக் மன்னே 1950இல்தான் போனார். ஜெர்மனி முழுவதற்கும் தளத்தையே மூடினார்கள். 2021இல் சமரசம் ஆகித்தான் திறந்தது. எச்சரிக்கை எழுதி வைத்தவர்களுக்கே அந்தக் கதி. நாமோ ‘உலகத்துக்கே’ என்று எழுதுகிறோம்.

கேட்பது பெரிய காரியமில்லை. அடுத்த இதழில் ஒரு திருத்தம், நான்கு வரி. அதோடு உங்கள் இலவச நூல்கள் ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் இப்படி ஒரு குறிப்பு:

“என் சரித்திரம். உ.வே.சாமிநாதையர், மறைவு 1942. முதல் வெளியீடு ஆனந்த விகடன், 1940–42. இந்தியாவில் 1.1.2003 முதல் பதிப்புரிமை இல்லை, காலம் முடிந்தது. அமெரிக்காவில் 2037 முடிய உரிமை இருக்கலாம். பிற நாட்டினர் தங்கள் சட்டத்தைப் பார்க்கவும். முன்னுரையும் படங்களும் சேர்க்கப்படவில்லை. சரிபார்த்த நாள்:”

நாளைக் கட்டாயம் போடுங்கள். சனவரி 1தோறும் கணக்கு மாறும். எப்போது பார்த்தது என்று தெரியாத குறிப்பை அடுத்து வருபவர் முதலிலிருந்து பார்க்கவேண்டியிருக்கும். எந்தப் பதிப்பை ஸ்கேன் செய்தீர்கள் என்பதையும் சேர்த்தால் நல்லது. தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் வெட்டாமல் வைத்திருந்தாலே பாதி வேலை முடிந்தது. உங்கள் கோப்புகள் பலவற்றில் அந்த இரண்டு பக்கங்களைத்தான் எடுத்துவிட்டு, உங்கள் இதழின் சந்தா விளம்பரத்தை வைத்திருக்கிறீர்கள்.

இந்தக் கடிதத்தைச் சுருக்கித்தான் போடமுடியும் என்றால், ராசிபலன் அளவுக்கு இடம் கேட்கவில்லை, ஆண்டுகளை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

தங்கள் நீண்டநாள் சந்தாதாரர்,
மின்னூல் மெய்ப்புத் திருத்துபவர்,
கும்பகோணம்