குணாவுக்கு, சிங்கப்பூர் செங்காங்கிலிருந்து

டேய் குணா,

நீயும் தங்கச்சியும் குட்டியும் நலமா? இங்கே எல்லோரும் நலம். தாடி வேலையை விட்டுவிட்டான், மறுபடியும். சார்ஜன்ட்டுக்கு மூட்டு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது; நடக்கிறார், நடந்துகொண்டே திட்டுகிறார். ஊர்ச் செய்தி அவ்வளவுதான். குட்டிக்கு வேர்க்கடலை எப்போது கொடுக்கலாம் என்று நீ கேட்ட கேள்விக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் பதில் போட முடியாது. அதோடு எனக்கும் ஒரு பெரிய விஷயம் சொல்ல இருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முட்டை ஒவ்வாமை உள்ள எங்கள் பையன் தம்பி முட்டை சாப்பிட்டுவிட்டான்.

பதறாதே. தெரியாமல் நடந்ததில்லை. மருத்துவமனையில், டாக்டர் கண்ணெதிரே, ஊசி மருந்தெல்லாம் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டு நடந்தது. 'பேக்டு எக் சேலஞ்ச்' என்கிறார்கள், மாவோடு வெந்த முட்டையைக் கொடுத்துப் பார்க்கிற சோதனை. மஃபினை நாம்தான் வீட்டில் செய்து கொண்டுபோக வேண்டும். எப்படிச் செய்வது என்று தாள் கொடுத்துவிடுவார்கள்: இத்தனை மாவு, இத்தனை முட்டை, 180 டிகிரியில் 30 நிமிடம், ஒரு மஃபினுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முட்டை. உள்ளே ஈரமாக இருந்தால் செல்லாது.

உனக்குத்தான் தெரியுமே, தம்பி பிறந்து எட்டாம் மாதத்திலிருந்து எங்கள் வீட்டுக்குள் முட்டை வந்ததில்லை. எனக்கு ஆசை வந்தால் கீழே காப்பிக் கடையில் அரைவேக்காட்டு முட்டை இரண்டைக் குடித்துவிட்டு, வாயைக் கொப்பளித்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் மேலே வருவேன். திருட்டு சிகரெட் பிடிக்கிற மாதிரி ஒரு வாழ்க்கை. அப்படிப்பட்ட வீட்டில் அன்றைக்கு முட்டைப் பெட்டி நுழைந்தது. என் மனைவி அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சமையலறையில் நின்றாள். பட்டாளத்தில் கையெறி குண்டுப் பயிற்சியன்று நீ நின்றாயே, அதே நிலை. நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

மஃபின் செய்வது எனக்குப் பெரிய காரியமில்லை. இத்தனை வருடமாக முட்டையில்லாத கேக் செய்தே கை தேறிவிட்டது. 'மெஸ் டின்னில் மேகியைக் கருக்கியவனா?' என்று கேட்பாய். கேள். முதலில் படித்தது வினிகர் கேக். மாவில் ஒரு தேக்கரண்டி பேக்கிங் சோடா, ஒரு மேசைக்கரண்டி வினிகர், மிச்சமெல்லாம் கொக்கோ, சர்க்கரை, எண்ணெய், தண்ணீர். சோடாவும் வினிகரும் சேர்ந்து நுரைத்து மாவைத் தூக்கிவிடும். கலக்கியவுடன் ஓவனுக்குள் தள்ள வேண்டும், நின்று கதை பேசினால் கல்லாகிவிடும். முட்டையும் பாலும் வெண்ணெயும் கிடைக்காத காலத்தில் அமெரிக்காவில் கண்டுபிடித்துக்கொண்ட கேக் இது என்பார்கள். இன்று வரை இதுதான் தம்பியின் பிறந்தநாள் கேக். சாக்லெட் மட்டும் நன்றாக வரும். வெனிலாவில் செய்தால் வினிகர் வாடை காட்டிக்கொடுத்துவிடும்.

அதற்கப்புறம் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர். சிரிக்காதே. ஜோயல் ரோசெல் என்ற பிரெஞ்சுக்காரர் 2014இல் அந்தத் தண்ணீரை அடித்தால் முட்டை வெள்ளை மாதிரி நுரைக்கும் என்று காட்டினார். மூன்று மேசைக்கரண்டி ஒரு முட்டைக்குச் சமம். நவராத்திரிக்கு எங்கள் வீட்டில் இத்தனை வருடம் சுண்டலை எடுத்துக்கொண்டு எத்தனை முட்டையைச் சாக்கடையில் கொட்டியிருக்கிறோம், கணக்குப் பார். அதில் மெரிங்கு, அதாவது நுரையைச் சுட்டுச் செய்கிற இனிப்பு, செய்து பார்த்தேன். ஓவனிலிருந்து எடுக்கும்போது மொறுமொறு, தட்டில் வைத்துக் கொஞ்ச நேரத்தில் ஒட்டும் பிசின். நம் ஊர் ஈரக்காற்றுக்கு மெரிங்கு ஆகாது. ஆனால் கேக்கில் நன்றாக வேலை செய்கிறது.

சரி, சேலஞ்சுக்கு வருகிறேன். மஃபினைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, முதலில் பட்டாணி அளவு கொடுத்தார்கள். காத்திருந்து, உதடு, தோல், மூச்சு எல்லாம் பார்த்துவிட்டு, அடுத்தது கொஞ்சம் பெரிதாக. முழு மஃபினும் உள்ளே போன பிறகும் இரண்டு மணி நேரம் அனுப்பவில்லை. அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சுவரில் இருந்த மீன் படத்தை. ஒன்றுமே நடக்கவில்லை, குணா. ஒரு தடிப்பு இல்லை, ஒரு இருமல் இல்லை. பையன் ஐபேட்டில் டைனோசர் பார்த்துக்கொண்டிருந்தான்.

காரணத்தை டாக்டர் சொன்னார். முட்டை வெள்ளையில் ஓவல்புமின் என்ற புரதம் இருக்கிறது, சூட்டில் அது உருக்குலைந்துவிடும். ஓவோமியூகாய்டு என்று இன்னொன்று, அது சூட்டுக்கு மசியாத கல்லுளிமங்கன். ஆனால் கோதுமை மாவோடு சேர்ந்து நேரம் எடுத்து வேகும்போது அதுவும் மாவின் புரதத்தில் சிக்கிக்கொள்ள, உடம்பு அதை அடையாளம் கண்டு சண்டைக்குப் போவதில்லை. முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில் 100க்கு 70 பேர் போல இப்படி வெந்த முட்டையைத் தாங்குவார்களாம்.

கதை இங்கே முடிந்திருந்தால் இது வெறும் நல்ல செய்தி. இனிமேல்தான் கூத்து. தாங்குகிற பிள்ளை அதை விடாமல் சாப்பிட வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது மஃபின் உள்ளே போக வேண்டும், மருந்து மாதிரி. நம்ம ஆள் சாப்பிட மாட்டேன் என்கிறான்! நினைவு தெரிந்த நாளிலிருந்து 'முட்டை ஆபத்து' என்று அவனுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறோம். இப்போது 'முட்டை சாப்பிடு' என்றால் அவன் யாரை நம்புவான்? 'அப்பா, இதில் அது இருக்கா?' என்று கேட்கிறான். இருக்கிறது என்று சொன்னால் மூக்கைப் பொத்திக்கொள்கிறான். பொய் சொல்லவும் மனம் வரவில்லை, அவன் கேட்டுத் தெரிந்துகொள்வதுதானே அவனுக்குப் பாதுகாப்பு. வாழைப்பழம் போட்டுச் செய்தேன், சாக்லெட் சில்லு போட்டேன், டைனோசர் அச்சில் ஊற்றினேன். கடைசியில் மைலோப் பொடி போட்டதை ஒரு மாதிரி ஏற்றுக்கொண்டிருக்கிறான். இப்போது வீட்டில் எங்கே பார்த்தாலும் மஃபின். எங்கள் மகள் பாப்பா அவன் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டுக் குண்டாகிறாள்.

அம்மாவின் கூத்து வேறு. 'முட்டை சாப்பிட்டான்' என்று தொலைபேசியில் சொன்னேன். மறுநாளே உறவு முழுக்கச் செய்தி போய்விட்டது: பேரனுக்கு எல்லாம் சரியாகிவிட்டதாம். சின்ன மாமி முட்டையும் தேங்காய்ப் பாலும் போட்ட காயா ஜாம் தடவிய ரொட்டியோடு வந்து நிற்கிறார். காயாவில் முட்டை அரைகுறையாகத்தான் வேகும் மாமி, அது கூடாது, பான்கேக்கும் கூடாது, மயோனைஸ் கூடவே கூடாது என்றால், 'மஃபின் முட்டை வேற, காயா முட்டை வேறயா?' என்கிறார். சட்டப்படி பார்த்தால் நியாயமான கேள்வி. அம்மாவோ, 'எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது?' என்று ஆரம்பித்துவிடுகிறார். அம்மாவிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்: அந்தக் காலத்திலும் இங்கே இருந்தது. 1990களில் நம் ஊரில் பிள்ளைகளுக்கு உணவால் வந்த கடுமையான ஒவ்வாமைக்கு முதல் காரணமாக டாக்டர்கள் பார்த்தது எது தெரியுமா? பறவைக்கூடு, குருவி எச்சிலால் கட்டுகிற கூட்டைக் காய்ச்சிக் குடிப்பார்களே, அது! செலவழித்து வாங்கி, உடம்புக்கு நல்லதென்று ஊட்டியது. இப்போது வேர்க்கடலை அந்த இடத்தைப் பிடித்துவிட்டது.

முட்டை கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறது. முந்திரி விடவில்லை, குணா. எனக்குப் பயம் முழுக்க அதில்தான். தோல் பரிசோதனையில் 3 மில்லிமீட்டர் தடித்தாலே கணக்கில் எடுத்துக்கொள்வார்கள், இவன் கையில் ஐந்து காசு அகலத்துக்கு எழும்பியது. பிஸ்தாவும் அதே கூட்டம், அதுவும் கிடையாது. வேடிக்கை என்னவென்றால் மாமரமும் அந்தக் குடும்பம்தான், மாம்பழத்தை மட்டும் ஒன்றும் ஆகாமல் மொக்குகிறான். அந்தக் கல்யாண வீட்டுப் பாயசம் உனக்கு நினைவிருக்கும், நீயும் அங்கே இருந்தாய். ஒரு வாய்தான். முதலில் வாந்தி, அப்புறம் உடம்பெல்லாம் தடிப்பு, அப்புறம் அவன் குரல் மாறியது. எனக்கு இன்றும் அந்தக் குரல்தான் கேட்கிறது. ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைத்தது நீதான். அதற்கு நான் உனக்கு நன்றி சொன்னதாக நினைவில்லை. இப்போது சொல்கிறேன், விட்டுவிடு.

நம் பலகாரத்தில் முந்திரி இல்லாதது எது, சொல்லேன். லட்டு, கேசரி, சர்க்கரைப் பொங்கல், கோயில் பிரசாதம். பொட்டலத்தில் வருவதென்றால் முட்டை, பால், கொட்டை, வேர்க்கடலை, மீன், இறால் வகை, சோயா, கோதுமை எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்று இங்கே சட்டம் இருக்கிறது. படித்துவிடலாம். 'கலந்திருக்கலாம்' என்ற எச்சரிக்கை மட்டும் கட்டாயமில்லை; போடுகிறவன் போடுவான், போடாதவன் போடமாட்டான். தேக்கா கடைகளில் தட்டில் குவித்து வைத்திருக்கிற இனிப்புக்கு எந்தச் சீட்டும் கிடையாது. ஒரே கரண்டியால் முந்திரிக் கத்லியையும் மைசூர்பாகையும் எடுப்பார்கள். அதனால் தீபாவளிக்கு வீட்டிலேயேதான். அண்டை வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக், பாவம், நோன்புப் பெருநாளுக்கு இவனுக்கென்று தனியாக ஓண்டே ஓண்டே உருட்டித் தருகிறார். அரிசி மாவு, தேங்காய், குலா மலாக்கா என்கிற தென்னை வெல்லம், வேறொன்றும் இல்லை. மலாய்க்காரப் பலகாரத்தில் பாதி இவனுக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது.

ஜனவரியில் தம்பிக்குத் தொடக்கநிலை ஒன்று, அதாவது முதல் வகுப்பு. பாலர் பள்ளியில் ஆசிரியர் தட்டைப் பார்த்துக் கொடுத்தார். இனிமேல் உணவங்காடியில் கையில் காசோடு வரிசையில் இவனே நிற்பான். பக்கத்துப் பிள்ளை அன்பாக ஒரு பிஸ்கட் நீட்டும். எபிபென், அதாவது ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசிப் பேனா, பள்ளி அலுவலகத்தில் ஒன்று, பையில் ஒன்று. 15 கிலோவிலிருந்து 30 கிலோ வரை எடையுள்ள பிள்ளைகளுக்கான 0.15 மில்லிகிராம் பேனா. நீல மூடியை இழு, ஆரஞ்சு முனையை வெளித்தொடையில் அழுத்து, மூன்று எண்ணு, கால்சட்டை மேலேயே போடலாம், படுக்க வை, நடக்கவிடாதே, ஆம்புலன்ஸ். நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆசிரியர்களும் சொல்கிறார்கள். ஆனால் குத்த வேண்டிய அந்த நொடியில் 'கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்' என்று தோன்றுமே, அதுதான் எனக்குப் பயம். பையன் என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறான். கடைக்காரரிடம் 'தா போலே மாக்கான் காச்சாங்', கொட்டை சாப்பிடக்கூடாது என்று மலாயில் முழங்குகிறான். கடையே திரும்பிப் பார்க்கிறது.

இப்போது உன் கேள்வி. குட்டிக்கு வேர்க்கடலை எப்போது? தள்ளிப்போடாதே. நமக்குச் சொன்னதற்கு நேர் எதிர். 2015இல் லண்டனில் 640 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு வந்தது. எல்லாம் கடுமையான கரப்பானோ (எக்ஸிமா என்கிற தோல் அரிப்பு) முட்டை ஒவ்வாமையோ இருந்த குழந்தைகள். சீக்கிரமே வேர்க்கடலை சாப்பிட ஆரம்பித்தவர்களுக்கு ஐந்து வயதில் அந்த ஒவ்வாமை ஐந்தில் நான்கு பங்கு குறைவு. பாப்பாவுக்கு அப்படித்தான் கொடுத்தோம். இன்று எங்கள் வீட்டில் எதையும் தின்கிற ஒரே ஆள் அவள்தான். முழுக் கடலை வேண்டாம், தொண்டையில் சிக்கும். கடலை வெண்ணெயைக் கஞ்சியில் நன்றாகக் கரைத்து, திட உணவு ஆரம்பித்த பிறகு ஆறு மாத வாக்கில், பகல் நேரத்தில், முதல்முறை கொஞ்சமாக. ஒத்துக்கொண்டால் நிறுத்தாமல் வாராவாரம் கொடு. குட்டிக்குக் கரப்பான் இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அது கடுமையாக இருந்தால் முதலில் டாக்டரைக் கேட்டுவிடு.

உன்னைப் பயமுறுத்தவில்லை, ஆனால் நீ இருக்கிற ஊர் அப்படி. மெல்பர்னில் ஒரு வயதுக் குழந்தைகளைச் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். 10 பேரில் ஒருவருக்கு மேல் உணவு ஒவ்வாமை. ஆசியாவில் பிறந்து அங்கே குடியேறிய பிள்ளைகளுக்குக் கொட்டை ஒவ்வாமை குறைவு, ஆசியப் பெற்றோருக்கு அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு அதிகம். காற்றா, வெயிலா, மண்ணா என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நீ மண்டையை உடைக்காதே, கரண்டியை எடு.

டிசம்பரில் கட்டாயம் வா. வழக்கமாகத் தூக்கிக்கொண்டு வருவாயே அந்த மெக்கடேமியா சாக்லெட், அது மட்டும் வேண்டாம். வெஜிமைட்டும் வேண்டாம்; அதற்கு ஒவ்வாமை இல்லை, எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். நீ இருக்கும்போது ஒரு நாள் சும்மா ஒத்திகை பார்க்க வேண்டும். ஊசியில்லாத பயிற்சிப் பேனா என்னிடம் இருக்கிறது. உன் தொடை, அம்மாவின் கை. அம்மாவுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க நான் பலமுறை பார்த்துவிட்டேன், 'ஐயோ, என் பேரனையா குத்துவேன்' என்கிறார். உன்னைக் குத்த அவர் தயங்க மாட்டார்.

தாடியையும் கூப்பிட்டுவிடுகிறேன், வேலைதான் இல்லையே அவனுக்கு. விமான நேரத்தை அனுப்பு, சாங்கிக்கு நான் வருகிறேன். குட்டி கடலையைத் துப்பினாளா விழுங்கினாளா என்று அன்றைக்கே சொல்.

அன்புடன்,
மேகி