பட்டறைப் பெண்களுக்கும் புகார்க் குழு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லை பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் அதில் வந்தவை எல்லாம் ஐ.டி. நிறுவனம், வங்கி, கல்லூரி. எங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் நாலு பேர், ஆறு பேர் உட்கார்ந்து வேலை செய்யும் வெள்ளிப் பட்டறைகளில் இந்தத் தொல்லை வேறு உருவத்தில் வரும்.

பட்டறையில் வெள்ளியை எடை போட்டுத்தான் கொடுப்பார்கள், செய்த கொலுசையும் எடை போட்டுத்தான் வாங்குவார்கள். சேதாரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. அதற்கு மேல் குறைந்தால் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண், கொலுசுத் துண்டுகளைப் பற்ற வைத்து ஒட்டுவதில் கெட்டிக்காரி. எடை போடுகிறவர் கூலி கொடுக்கும்போது அவள் கையைப் பிடிப்பதும், ராத்திரியில் போன் செய்வதுமாக ஆரம்பித்தார். "இதெல்லாம் வேண்டாங்கண்ணா" என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். அப்புறம் அவள் கொலுசு மட்டும் எடை குறைய ஆரம்பித்தது. தராசில் எண் தெரிகிற பக்கம் எப்போதும் அவரைப் பார்த்துத்தான் இருக்கும். இனி அவள் வாயைத் திறந்தால், வெள்ளி திருடினவள் பழி போடுகிறாள் என்று சொல்லிவிடலாம் அல்லவா?

"எதுக்கு வம்பு, வேற பட்டறைக்குப் போயிடு கண்ணு" என்றார்கள் பெரியவர்கள். போய்விட்டாள். அவர் இன்னும் அதே தராசுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

இதற்குச் சட்டம் இருக்கிறது என்பதே அங்கே பலருக்குத் தெரியாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கையைப் பிடிப்பதோடு நிற்கவில்லை. இணங்காவிட்டால் வேலையில் கெடுதல் செய்வேன் என்று சொல்லாமல் சொல்வதும் அதில் பாலியல் துன்புறுத்தல்தான். எடையைக் குறைத்துக் காட்டுவதை வேறு என்னவென்று சொல்வது? பத்துப் பேருக்குக் குறைவாக இருக்கும் இடங்களுக்கும், முதலாளி மீதே புகார் என்றாலும், மாவட்ட அளவில் உள்ளூர் புகார்க் குழு இருக்க வேண்டும். தினக்கூலிக்கும் பொருந்தும். வீட்டு வேலைக்குப் போகிற பெண்களும் அங்கே போகலாம். புகார் எழுத்தில் இருக்க வேண்டும், ஆனால் எழுதத் தெரியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. நிரூபிக்க முடியாமல் போனால் மட்டும் அது பொய்ப் புகார் ஆகிவிடாது. சமரசம் பேசினாலும் பணம் கொடுத்து முடிக்கக் கூடாது.

கவனிக்க வேண்டியது கெடு. கடைசியாக நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். வேறு பட்டறை தேடி, வீட்டில் பேசி, தைரியம் வருவதற்குள் அது ஓடிவிடும். அதனால் பட்டறைப் பெண்களுக்கு ஒன்று சொல்வேன்: வாங்கின எடை, கொடுத்த எடை, தேதி, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று சொந்தமாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வந்த போன் அழைப்புகளைப் படம் பிடித்து வையுங்கள். வேண்டாம் என்று சொன்ன வாரத்திலிருந்துதான் எடை குறைகிறது என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும்.

ஏற்காடு காபி எஸ்டேட்டுகளில் பழம் பறிக்கிற காலத்தில் ஆட்கள் அதிகம். பத்துப் பேர் இருந்தாலே, வேலை செய்யும் இடத்திலேயே புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம், அமைக்காவிட்டால் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். ஒப்பந்தக்காரர் கூட்டி வந்த பெண்களும் அதில் அடக்கம். குழு பற்றிய அறிவிப்பை எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைக்கவும் சொல்கிறது சட்டம்.

மாவட்டக் குழுக்களை அமைக்கும்படி உச்ச நீதிமன்றமே 2024 டிசம்பரில் கெடு வைத்து உத்தரவிட்டது. ஆனால் கலெக்டர் அலுவலகத்தில் ஒரு கோப்பாக மட்டும் குழு இருந்தால் செவ்வாய்ப்பேட்டைக்கு என்ன லாபம்? ரேஷன் கடையிலும் பழைய பஸ் ஸ்டாண்டிலும் அதன் முகவரியையும் போன் நம்பரையும் பெரிய தமிழ் எழுத்தில் ஒட்ட மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும். அதுவரை தங்கள் இதழாவது அதைக் கேட்டு வாங்கி வெளியிட வேண்டுகிறேன். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது, அதையும் கூடவே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.