என் மகளை மேசைக்கு அழைக்காதீர்கள்

மருத்துவமனை வரவேற்பு மேசைகளில் இருப்பவர்களுக்கும், வாடகை வீட்டு முகவர்களுக்கும், பள்ளி அலுவலகத்தாருக்கும், குடியேற்ற அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

நாங்கள் உங்கள் நாட்டுக்கு வந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. நான், என் கணவர், பதினொரு வயது மகள், ஆறு வயது மகன். நீங்கள் யாரும் எங்களிடம் முகம் சுளித்ததில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுத வந்தது உங்களுடைய அன்பான ஒரு வழக்கத்தைப் பற்றி. நாங்கள் சொல் கிடைக்காமல் திணறும்போது உங்கள் பார்வை எங்களை விட்டுச் சற்றுக் கீழே இறங்கும். அங்கே எங்கள் மகள் நிற்பாள். அவளைப் பார்த்து நீங்கள் புன்னகைப்பீர்கள். அந்த நொடி முதல் அவள் உங்கள் அலுவலகத்தில் சம்பளமில்லாத மொழிபெயர்ப்பாளர்.

முதல் நான்கு மாதங்கள் தற்காலிக அறையில் இருந்தோம். ஐந்தாம் மாதம் வீடு கிடைத்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் போனபோது முகவர் நீளமாக ஏதோ சொன்னார். மகள் யோசித்துவிட்டு, "அப்பா, காசை வைக்கச் சொல்கிறார். எங்கே வைப்பது என்று சொல்லவில்லை" என்றாள். என் கணவர் பணப்பையை எடுத்து மேசைமேல் வைத்தார். முகவர் பதறிப்போய் அதைத் திருப்பித் தள்ளினார். அவர் கேட்டது முன்பணம். அந்தச் சொல் எங்கள் மகளுக்கு எந்த மொழியிலும் தெரியாது. பத்து வயதில் யாருக்குத் தெரியும்? அன்று இரவு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அதே ஒப்பந்தத்தில் இன்னொரு வரி இருந்தது. குழாயோ கதவோ பழுதானால் உடனே முகவருக்குத் தெரிவிக்க வேண்டுமாம். "நாமே பார்த்துக்கொள்ள வேண்டுமாம்" என்று அவள் சொல்லியிருந்தாள். சமையலறைக் குழாய் ஒழுகியபோது என் கணவரே பார்த்துக்கொண்டார், கீழ்வீட்டுக் கூரை நனையும் வரை. அந்தக் கட்டணச் சீட்டு வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. அவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பள்ளியில் நடந்தது வேறு விதம். மகனின் ஆசிரியை எங்களை அழைத்து அவனைப் பற்றிப் பேசினார். அவர் முகத்தில் கவலை. மகள் வாயில் வந்த செய்தியோ, "தம்பி நன்றாகப் படிக்கிறானாம்." ஆசிரியை ஐந்து நிமிடம் பேசியது எங்களுக்கு மூன்று சொற்களாக வந்து சேர்ந்தது. அவன் வகுப்பில் வாயே திறப்பதில்லை என்பது இரண்டு மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. மகளைக் கேட்டேன். "நீங்கள் ஏற்கெனவே கவலையாக இருந்தீர்கள்" என்றாள். அதற்கு மேல் என்னால் எதுவும் கேட்க முடியவில்லை.

பத்தாம் மாதம் எனக்கு ஒரு பரிசோதனை இருந்தது. பள்ளி விடுமுறை நாளாகப் பார்த்து, மகளுடன் வரச் சொன்னார்கள். மருத்துவர் திரையைக் காட்டி நிதானமாகப் பேசினார், நல்ல மனிதர். பேசியது முழுவதும் அவளைப் பார்த்து. அவள் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம், "ஒன்றுமில்லையாம் அம்மா. இன்னொரு முறை வரச் சொல்கிறார்" என்றாள். அந்த வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. இரவில் என் அறை வாசலில் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போவாள். நான்காம் நாள் கடிதம் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்மணியின் உதவியோடு, அகராதியும் கையுமாகப் படித்தேன். என் மார்பில் ஒரு கட்டி இருக்கிறது, திசு எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது. கட்டி தீங்கற்றது என்று பின்னால் தெரிந்துவிட்டது. அதைப் பற்றி இனிப் பேச எதுவும் இல்லை. ஆனால் அந்த நான்கு நாட்களும் என் வீட்டில் அந்தச் செய்தி ஒரே ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது. அவள் ஐந்தாம் வகுப்பு மாணவி.

"உங்கள் பெண் எவ்வளவு அழகாகப் பேசுகிறாள்!" என்று நீங்கள் வியப்பது எனக்கும் பெருமைதான். உங்களை ஏமாற்றுவதும் அந்த அழகான பேச்சுதான். புதிய மொழியில் அன்றாடப் பேச்சு பிள்ளைகளுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் வந்துவிடும்; பாடப்புத்தக மொழியில் சக மாணவர்களை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகலாம். கனடாவைச் சேர்ந்த கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1970களின் இறுதியிலிருந்து சொல்லிவரும் வேறுபாடு இது. விளையாட்டுத் திடலில் சண்டைபோடும் மொழி வேறு, திசு ஆய்வையும் பிணையாளர் பொறுப்பையும் விளக்கும் மொழி வேறு. இன்னொன்றும் உண்டு. வீட்டு மொழியிலும் அவளுக்கு வயது பதினொன்றுதான். அந்தச் சொற்கள் அவளிடம் இரண்டு பக்கமும் இல்லை.

வளர்ந்தவர்களே இதில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். 1980இல் ஃபுளோரிடாவில் 18 வயது இளைஞர் ஒருவரை நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். குடும்பத்தார் சொன்ன 'இன்டாக்ஸிகாடோ' என்ற ஸ்பானியச் சொல், அவர்கள் வழக்கில், சாப்பிட்ட ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்ற பொருளில் வருவது. மருத்துவர்கள் போதைப்பொருள் என்று எடுத்துக்கொண்டார்கள். மூளையில் இருந்த இரத்தக்கசிவைக் கண்டுபிடிப்பதற்குள் காலம் கடந்துவிட்டது. அவருடைய கைகால்கள் செயலிழந்தன. இழப்பீடு ஏறத்தாழ 7.1 கோடி டாலர். ஒரே ஒரு சொல்.

துபாஷி என்று எங்கள் மொழியில் ஒரு பழைய சொல் உண்டு. இரண்டு மொழி அறிந்து, இரு தரப்புக்கும் நடுவில் நின்று பேசியவர்கள். வளர்ந்தவர்கள் செய்த வேலை அது. அதற்கு வருமானம் இருந்தது, மரியாதையும் அதிகாரமும் இருந்தன. எங்கள் மகளுக்கு இதில் எதுவும் இல்லை. அதோடு, பிழை வந்தால் பழி அவளுக்கு. என் கணவர் முகவரிடம் கோபப்பட்டால், அந்தக் கோபத்தை மெருகேற்றிப் பணிவாக்கிக் கொடுக்கும் வேலையும் அவளுக்குத்தான். எங்கள் வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பள்ளிச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்காமல் இருந்துவிட்டாள். காரணம் கேட்டால், பிடிக்கவில்லை என்கிறாள்.

அவள் எங்களுக்கு எதையுமே சொல்லக்கூடாது என்று நான் கேட்கவில்லை. பேருந்துப் பலகையை வாசிப்பாள், கடைக்காரரிடம் விலை கேட்பாள், என் உச்சரிப்பைத் திருத்திவிட்டு வயிறு வலிக்கச் சிரிப்பாள். அதெல்லாம் அவளுக்கும் பிடித்தமானது, அதை யாரும் தடுக்க வேண்டாம். உங்கள் மொழியைக் கற்பது என் கடமை என்பதும் தெரியும். வாரத்தில் இரண்டு மாலை வகுப்புக்குப் போகிறேன். நாற்பது வயதில் வினைச்சொற்கள் மெதுவாகத்தான் ஏறுகின்றன. அதுவரை எனக்கு நோய் வராமல் இருக்காது.

இது செய்ய முடியாத காரியமும் இல்லை. ஆஸ்திரேலியா 1973இலேயே தொலைபேசி வழி மொழிபெயர்ப்புச் சேவையைத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் 2016இல் வந்த சுகாதாரத் துறை விதி, அவசர நிலை தவிர மற்ற நேரங்களில் சிறுவர்களை மொழிபெயர்ப்புக்கு நம்பியிருக்கக்கூடாது என்றது. நார்வேயில் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டமும், சில விதிவிலக்குகளோடு, அரசு அலுவலகங்கள் பிள்ளைகளை இப்படிப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. உங்கள் மேசையிலும் தொலைபேசி இருக்கிறது.

ஆகவே, நேரம் குறித்துக் கொடுக்கும்போதே என்ன மொழி வேண்டும் என்று கேளுங்கள். எந்த நாடு என்று மட்டும் கேட்டு மொழியை ஊகிக்காதீர்கள். ஒரு முறை எங்களுக்கு முற்றிலும் வேறு மொழிக்காரரை வரவழைத்தார்கள், அவரும் நாங்களும் அரை மணி நேரம் கையசைத்துக்கொண்டிருந்தோம். பெண்களின் உடல் பற்றிய பேச்சென்றால் மொழிபெயர்ப்பவர் பெண்ணாக இருக்கலாமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலி குப்பை எடுக்கும் நாளைத் தெரிந்துகொள்ளப் போதும். கையெழுத்து கேட்கும் தாளுக்குப் போதாது. யார் மொழிபெயர்த்தாலும் பேசும்போது என்னைப் பாருங்கள். பிள்ளையோடு வாருங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அடுத்த மாதம் எனக்கு மறுபரிசோதனை, காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் மகளுக்கு நீச்சல் வகுப்பு. ஆழமான பக்கத்தில் இறங்க அன்றுதான் முதல் முறையாக விடப்போகிறார்களாம். நான் தனியாக வருகிறேன். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று படிவத்தில் எழுதியிருக்கிறேன். அதற்கென்று கட்டம் எதுவும் இல்லாததால், தாளின் ஓரத்தில்.

இப்படிக்கு,
ஒரு தாய்