காவ்யாவைக் கூட்டிக்கொண்டு வராதே

கோயம்புத்தூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள ராஜிக்கு,

மூன்று மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. தப்புதான். பத்மாவிடம் வேறு "அவளுக்கு எங்கே நம்ம ஞாபகம்" என்று சொல்லியிருக்கிறாய், காதுக்கு வந்தது. மாவடு பத்திரமாகச் சேர்ந்தது. லோகு அண்ணனுக்குக் கால் தேவலை என்றதில் சந்தோஷம். மற்றதை நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள்ளலாம்.

இன்றைக்கு என்னை உட்கார்ந்து எழுத வைத்தது உன் கடிதத்தின் கடைசி நாலு வரி. ஐ.வி.எஃப், அதான் டெஸ்ட் டியூப் முறையில், கரு வைத்ததும் உன் மகள் காவ்யாவைச் சென்னையிலிருந்து கூட்டிவந்து பதினைந்து நாள் அசையாமல் படுக்க வைக்கப்போகிறாயாம். மாப்பிள்ளை ஆஸ்பத்திரிப் பக்கமே சரியாக வருவதில்லையாம், அவருக்கு மனசு விட்டுப்போச்சோ என்று உனக்குத் தூக்கம் இல்லையாம்.

கூட்டிக்கொண்டு வராதே ராஜி. அவசரப்பட்டு போனை எடுக்காமல் முழுக்கப் படி.

படுத்தே கிடந்தால் கரு ஒட்டும், எழுந்தால் நழுவிவிடும் என்று நாம் பயப்படுகிறோம். கர்ப்பப்பை காலிக் குடம் கிடையாது. அதன் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றோடொன்று ஒட்டித்தான் இருக்கும். மடித்த ஈர இட்லித் துணிக்கு நடுவே ஒரு எள் ஒட்டியிருந்தால், துணியை உதறினாலும் விழாது இல்லையா, அப்படித்தான் கருவும். படுக்கை ஓய்வால் வெற்றி கூடுகிறதா என்று பலமுறை ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள், கூடவில்லை. அன்றைக்கே எழுந்து நடக்கலாம், ரசம் வைக்கலாம், இரண்டு நாளில் ஆபீஸ் போகலாம். கனம் தூக்காமல் இருந்தால் போதும். நீ படுக்க வைத்தால் அவள் மின்விசிறியைப் பார்த்தபடி வயிற்றில் வரும் ஒவ்வொரு சுருக் வலியையும் எண்ணிக்கொண்டிருப்பாள். அவர் சென்னையில் ஹோட்டல் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, போனில் "எப்படி இருக்கு?" என்பதைத் தவிர வேறு வார்த்தை தெரியாமல் நிற்பார். இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து பயப்பட வேண்டிய நாட்களில் ஆளுக்கொரு ஊரில் இருப்பார்கள். அந்தப் பதினைந்து நாளில் விழுகிற விரிசல் பிறகு லேசில் மூடாது.

இப்போது மாப்பிள்ளை விஷயம். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் நடந்ததை யோசித்துப் பார். மாதவிலக்கு ஆன பத்தாம் நாளிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு நாள் ஸ்கேன். முட்டை இருக்கும் நீர்ப்பை 18 மில்லிமீட்டர் வளர்ந்ததும் ஒரு ஊசி. "இன்னிக்கும் நாளைக்கும் சேர்ந்திருங்க" என்று சொல்லி அனுப்புவார்கள். ஆபீசில் பேச்சு வாங்கிக்கொண்டு ராத்திரி ஒன்பது மணிக்கு வருகிற மனுஷனுக்கு அது பரீட்சை. அந்த ராத்திரி உடம்பு ஒத்துழைக்காமல் போவது மிக மிக சகஜம், ஆசை இல்லாததால் இல்லை. ஆனால் அவருக்கு அது அவமானம். அவளுக்கோ "என்னைப் பிடிக்கலை" என்ற வலியும், ஒரு மாதம் வீணாச்சே என்ற ஆத்திரமும். அடுத்த மாதம் அந்தத் தேதி நெருங்கும்போதே கேஸ் சிலிண்டருக்கும் காபி டம்ளருக்கும் சண்டை ஆரம்பிக்கும். சண்டை இருந்தால் அந்த ராத்திரியைத் தள்ளிவிடலாமே. இது அவர்களுக்கே தெரியாமல் நடக்கிறது.

ஐ.வி.எஃப்பில் இந்த ஒரு முடிச்சாவது அவிழும். குழந்தைக்கும் படுக்கையறைக்கும் இனி தொடர்பில்லை. முட்டை எடுப்பதற்கு முன்னும் பின்னும், கரு வைத்த பிறகும் டாக்டர் தள்ளியிருக்கச் சொல்லும் நாட்களைத் தவிர, மற்ற நாளெல்லாம் அவர்களுடையது. யாராவது அவர்களிடம் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று அந்த விந்துப் பரிசோதனை ரிப்போர்ட். உன் கடிதத்தில் "அவருக்கும் ஏதோ குறையாம்" என்று ஒரு வரி இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் கொடுத்த கீழ் வரம்பைச் சொல்கிறேன்: ஒரு மில்லிலிட்டர் விந்தில் 1 கோடியே 60 லட்சம் உயிரணு, அசைவு 42 சதவீதம், சரியான வடிவம் வெறும் 4 சதவீதம். ரிப்போர்ட்டில் "4" என்று பார்த்துவிட்டு மீதி 96 பழுது என்று உடைந்துபோகிற ஆண்கள் ஏராளம். காய்ச்சல் வந்து போனாலே எண்ணிக்கை இறங்கும். புது அணு உருவாகி முடிய இரண்டரை மாதம் ஆகும், அதனால் மூன்று மாதம் விட்டு இன்னொரு முறை பார்க்காமல் முடிவு கட்டக்கூடாது. சிகரெட்டை விட்டாலும் பலன் தெரிய அவ்வளவு நாள் பிடிக்கும். சாம்பிள் கொடுக்கும்போது முதலில் வருவதில்தான் அணு அதிகம், அது சிந்திவிட்டால் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும். சொல்லாததால் தப்பான ரிப்போர்ட்டோடு வருஷக்கணக்கில் தலைகுனிந்து திரிகிறவர்கள் உண்டு. முட்டை எடுக்கிற அன்று காலையில், கதவுக்கு வெளியே ஆள் நிற்க, சாம்பிள் வராமல் போகவும் செய்யும். முன்கூட்டியே ஒன்று கொடுத்து உறைய வைத்துவிட்டால் அந்தப் பயமே இல்லை. இதைக் காவ்யா கேட்க வேண்டாம், டாக்டரிடம் அவரே கேட்கட்டும்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு என்ன வேலை என்று நினைக்கிறாய்? பில் கட்டுவதும் காரை நிறுத்துவதும்தான். ஃபைல் அவள் பெயரில், ஊசி அவளுக்கு, கேள்வி அவளிடம். வேலை இல்லாத இடத்தில் மனுஷன் எத்தனை நாள் நிற்பார்? ஊசியை அவர் கையில் கொடுக்கச் சொல். மாதவிலக்கு ஆன இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தொடங்கி எட்டிலிருந்து பன்னிரண்டு நாள், தினமும் ஒரே நேரம். பெரும்பாலான மருந்தை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள், ஃபிரீசரில் படாமல் வைக்க வேண்டும். கொஞ்ச நேரம் முன்னால் வெளியே எடுத்து வைத்தால் எரிச்சல் குறையும். தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, ஒரு நாள் வலம், ஒரு நாள் இடம். நர்ஸ் ஒருமுறை காட்டினால் கை பழகிவிடும். கடைசி ஊசிக்குத்தான் நிமிஷக் கணக்கு. அது போட்டு 35, 36 மணி நேரத்தில் முட்டையை எடுக்க வேண்டும். முந்தினால் முற்றியிருக்காது, பிந்தினால் வெடித்துப் போயிருக்கும். ராத்திரி பத்தரை என்றால் பத்தரை. அந்த அலாரம் அவர் போனில் இருக்கட்டும். பிறகு வயிறு உப்பி, ஒரே நாளில் ஒரு கிலோ கூடி, மூத்திரம் குறைந்தால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டியதும் அவர்தான்.

எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வரும் என்பதையும் முன்பே சொல்லி வை. பன்னிரண்டு முட்டை கிடைத்தால் ஒன்பது முற்றியிருக்கும், ஆறோ ஏழோ கருவாகும், ஐந்தாம் நாளில் மூன்று நின்றால் நல்ல கணக்கு. தெரியாதவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற ஒவ்வொரு போனையும் சாவுச்செய்தி மாதிரி வாங்கிக்கொள்கிறார்கள்.

கரு வைத்து ரிசல்ட் வரும்வரை காத்திருக்கிற அந்த இரண்டு வாரத்துக்கு ஒரு வழி உண்டு, பலருக்கும் உதவியிருக்கிறது. தினமும் ராத்திரி இருபது நிமிஷம், கடிகாரம் வைத்து, சிகிச்சையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசலாம், அழலாம். மணி அடித்தால் பேச்சை மாற்றிவிட வேண்டும். அவளுக்கு, தினம் அவர் காது கொடுப்பார் என்ற உறுதி. அவருக்கு, இதற்கு ஒரு முடிவு உண்டு என்ற நிம்மதி. வீட்டில் கிட் வாங்கிப் பார்க்க விடாதே. கடைசி ஊசியின் மருந்து பத்து நாளுக்கு மேலும் ரத்தத்தில் நின்று பொய்யாக இரண்டு கோடு காட்டும். மார்பு வலியும் சோர்வும் கருவைத் தாங்கக் கொடுக்கும் புரோஜெஸ்டிரோன் மருந்தாலும் வரும்.

பணத்தைப் பற்றி முதல் ஊசிக்கு முன்னால் அவர்கள் இருவர் மட்டும் உட்கார்ந்து பேச வேண்டும். எத்தனை தடவை, எவ்வளவு பணம், எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது. தோற்ற அன்றைக்குப் பேசினால் ஒருவர் உடனே அடுத்தது என்பார், இன்னொருவர் போதும் என்பார், இரண்டுமே துரோகமாகக் காதில் விழும். தானமாக வரும் முட்டையோ விந்தோ சம்மதமா, தத்து எடுப்போமா என்பதையும் இப்போதே கேட்டுவிட வேண்டும். செயற்கைக் கருத்தரிப்புக்கான 2021ஆம் வருஷச் சட்டப்படி ஆஸ்பத்திரியே கவுன்சலிங் தர வேண்டும். "எல்லாம் எங்களுக்குத் தெரியும்" என்று தாண்டிப் போகாமல் இருவரும் சேர்ந்து உட்காரட்டும்.

பிள்ளை வரத்துக்குத் திருக்கருகாவூர் அம்மன் கோயிலில் தரும் நெய்யைக் காவ்யாவுக்கு மட்டும் கொடுத்து வருகிறாய் என்று நினைக்கிறேன். கோயிலில் சொல்வது 48 நாள் இருவரும் சாப்பிட வேண்டும் என்றுதான். பாதியை அவருக்கும் கொடு.

சம்பந்தியம்மா பேச்சு உனக்கு வலிக்கிறது, தெரியும். அதை மகளிடம் கொட்டாதே, எனக்கு எழுது. உதவ வேண்டும் என்று கை பரபரத்தால் சென்னைக்குப் போய் இரண்டு நாள் இருந்து, மாவு அரைத்து, பொடி இடித்து வைத்துவிட்டுத் திரும்பி வா. ரிசல்ட் அன்று நீ போன் பண்ணாதே. முதலில் அவர்கள் இருவரும் பார்க்கட்டும், அவர்களாகக் கூப்பிடட்டும். ராத்திரி ஆகிவிட்டாலும் பொறு. இருப்புக் கொள்ளவில்லை என்றால் என்னைக் கூப்பிடு, எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுக்கிறேன்.

பத்மா தை மாதம் வருகிறாளாம். அந்தப் பழைய கெட்டில் சண்டையை மறுபடி எடுத்தாள் என்றால் இந்தத் தடவை நான் உன் பக்கம்.

அன்புடன்,
சாந்தா